செவலை கன்று வீசிய மறுநாள்

காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனதுமே வேணிக்கு அந்த வாடை தெரிந்துவிட்டது. காபியின் வாடை அல்ல. டம்ளரின் விளிம்பில், அதைப் பிடித்துக் கொடுத்த விரல்கள் பட்ட இடத்தில் ஒட்டியிருந்தது. சாணியின் வாடை ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேணிக்குத் தெரிந்தவை வேறு. கோமாரி கண்ட மாட்டின் வாயிலிருந்து நூல் நூலாக வழியும் எச்சிலுக்கு ஒரு வாடை. புழுப்புண்ணுக்கு ஒரு வாடை. மடிநோய் வந்த காம்பிலிருந்து திரிதிரியாக விழும் பாலுக்கு ஒரு வாடை. மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் ஆறு வருடமாகப் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்காலேயே நோயைச் சொல்லிவிடுவாள். இது, மாட்டின் வயிற்றிலிருந்து விழாமல் தங்கி அழுகத் தொடங்கிய நஞ்சுக்கொடியின் வாடை. வெயிலில் கிடந்த மீன் செதிலும் புளித்த ரத்தமும் சேர்ந்தது போல இருக்கும். சோப்புக்குப் போகாது. சீயக்காய்க்கும் போகாது.

அவள் வாசலோரத்து வாழைமரத்தடிக்குப் போய்க் காபியைக் கவிழ்த்தாள்.

கதவருகில் நின்றிருந்த மாமியார் லட்சுமியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏன்டி, காப்பிய ஊத்திட்ட?"

"அத்தை, உங்க கையில இன்னா வாடை?"

"என் கையிலயா? இன்னா வாடை? காலையிலேந்து மல்லாட்டை ஆஞ்சிக்கினு இருக்கேன். மண்ணு வாடை."

"மண்ணு வாடை இல்ல அத்தை. நஞ்சு வாடை."

லட்சுமியம்மாளின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு கோபத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அட்ரா சக்க! யாரு எதப் பேசறதுன்னு இல்லாம போச்சு. மூணு வருசமா நீ ஆஸ்பத்திரியிலேந்து வர்றப்ப எல்லாம் நான் மூக்கப் பொத்திக்கினு கெடந்தேன். இன்னைக்கு என் கையி உனக்கு நாறுதா? நான் போட்ட காப்பி உனக்கு அருவருப்பா இருக்குதா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. கல்யாணமாகி வந்த இரண்டாம் வாரமே லட்சுமியம்மாள் மருமகளுக்குத் தனியாக ஒரு தட்டு எடுத்து வைத்துவிட்டாள். யாரோ எந்தக் காலத்திலோ சீராகக் கொடுத்தது, ஒருபக்கம் நெளிந்த எவர்சில்வர் தட்டு. அது மற்றப் பாத்திரங்களோடு அடுக்கில் ஏறாது. கொல்லைக் குழாயடியில் கவிழ்ந்தே கிடக்கும். வேணிக்குத் தனிச் சோப்பு, தனி வாளி. தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் சமையற்கட்டுக்குள் வரக் கூடாது. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாலும் சோற்றுப் பானையைத் தொடக் கூடாது. "மாட்டு வவுத்துக்குள்ள தோளு வரைக்கும் வுடுற கையி. அந்தக் கையால கொழம்பு வெச்சா எனக்கு எறங்காதும்மா. தப்பா நெனச்சிக்காத" என்று முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிற்பாடு சிரிப்பு போய்விட்டது, வழக்கம் மட்டும் நின்றது.

கணவனை இழந்து பதினோரு வருடமாக இரண்டு ஏக்கரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவள் லட்சுமியம்மாள். அவள் வைத்த வழக்கத்தை மாற்றச் சொல்லி அவள் மகன் பூவரசனுக்கு வாய் வந்ததில்லை.

"செவலை கன்னு வீசிடுச்சா அத்தை?" என்றாள் வேணி.

லட்சுமியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த முந்தானையைத் தன்னையறியாமல் முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செவலை வீட்டு மாடு. ஜெர்சிக் கலப்பு. ஆவணியில் சினை ஊசி போட்டபோது வாலைப் பிடித்துக்கொண்டு நின்றவளே வேணிதான். இது பங்குனி. கணக்குக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது; வீசியிருந்தால் குறைமாதத்தில் விழுந்த கன்று.

வேணி தோள் பையை வாசலிலேயே வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் நடந்தாள். பையில் விழுப்புரத்தில் நேற்று எடுத்த ஸ்கேன் தாள் இருந்தது. ஒன்பது வாரம். நெஞ்சுத் துடிப்பு கேட்கிறது என்று டாக்டரம்மா கருவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கச் சொன்னார். வளவனூரில் அம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலை பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு வந்து இறங்கியிருந்தாள். விஷயம் பூவரசனுக்குத் தெரியும். மருந்தகத்து டாக்டருக்குத் தெரியும். மாமியாருக்கு மட்டும் தெரியாது. போன வருடம் மூன்றாம் மாதம் கலைந்து போனது. அதற்கு முன்பே ஊரெல்லாம் சொல்லியாகியிருந்தது. இந்தத் தடவை மூன்று மாதம் தாண்டட்டும் என்று இருந்தாள்.

மாட்டுக் கொட்டகைக்குப் பத்தடி இப்பால், வேப்பமரத்து நிழலிலேயே அவள் கால் நின்றுவிட்டது.

செவலை முதுகை வளைத்து, வாலைத் தூக்கியபடி நின்றது. பின்னாலிருந்து சாம்பலும் சிவப்புமாக ஒரு பை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அதன் நுனியில் கயிறு போட்டு ஒரு பழைய செருப்பு கட்டியிருந்தது. பூவரசனின் செருப்பு. மாடு காலை மாற்றி வைக்கும்போதெல்லாம் செருப்பு அதன் குளம்பில் பட்டுத் திரும்பி ஆடியது. ஆடும்போது காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு நீர் சொட்டியது. கீழே விரித்த வைக்கோல் முழுவதும் ஈரம். ஈக்கள் பறக்கவில்லை. அவற்றுக்குப் பறக்க வேண்டிய அவசியமே இல்லாதது போலக் கறுப்பாக அப்பிக் கிடந்தன. காற்று வேணியின் பக்கம் திரும்பியபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"செருப்ப யாரு கட்டுனது?"

"நாந்தான். கனத்துக்குத் தானா எறங்கும்னு. எங்கம்மா காலத்துலேந்து கட்டுறதுதான்" என்றாள் பின்னாலேயே வந்த லட்சுமியம்மாள். "நேத்து விடியக்காலம் கன்னு வுழுந்துச்சு. செத்துப் பொறந்துச்சு. மயிரே மொளைக்கல. பாதி நஞ்சு வந்துச்சு, மீதி வர்ல. சரி, நீதான் வந்துட்டியே. ஊரு மாட்டுக்கெல்லாம் பாக்குற. போயி எடு."

வேணி நகரவில்லை.

"கன்ன இன்னா பண்ணீங்க?"

"எருக்குழியில போட்டு மூடிட்டேன்."

"எத்தினி ஆழம்?"

"நாலு கூடை எரு போட்டேன். போதாதா?"

"வந்த பாதி நஞ்சு?"

"வக்கோல்ல சுத்தி ஏரிக்கரை ஆலமரத்துல கட்டிட்டேன்."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. மாடு ஈன்றதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து பால் வடியும் மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். மரத்தில் பால் ஊறுவது போல மடியில் ஊறும் என்று நம்பிக்கை. ஏரிக்கரை ஆலமரத்தில் எப்போது பார்த்தாலும் ஏழெட்டுப் பொட்டலங்கள் வௌவால் போலத் தொங்கும்.

"செத்த கன்னுக்கு எதுக்கு அத்தை ஆலமரம்?"

"கன்னு செத்தா இன்னா, மாடு கறக்க வேணாமா? உத்திரத்துக்கு மயிலத்து முருகனுக்குப் பால் எடுக்கணும். கேள்வி கேட்டுக்கினே நிக்கிறியே, கைய வுடுடி."

"நான் கை வைக்க மாட்டேன் அத்தை."

லட்சுமியம்மாள் காது கேளாதவள் போலப் பார்த்தாள். "இன்னா சொன்ன?"

"நான் தொட மாட்டேன். நீங்களும் இனிமே தொடாதீங்க."

வேணி போனை எடுத்து டாக்டர் நெடுஞ்செழியனைக் கூப்பிட்டாள். அவர் கோமாரித் தடுப்பூசி முகாமில் இருந்தார். பின்னால் மாடுகள் கத்தும் சத்தம். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது மாட்டைப் பற்றி இல்லை.

"வேணி, நீ எங்க நிக்கிற?"

"தூரமாத்தான் சார் நிக்கிறேன்."

"அங்கயே நில்லு. கொட்டாய்க்குள்ள கால் வைக்காத. ஏழாம் மாசத்துல வீசியிருந்தா நான் முதல்ல கன்று வீச்சு நோயத்தான் சந்தேகப்படுவேன். ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் அதுதான்னு வெச்சிக்கணும். உனக்கு நான் பாடம் எடுக்கத் தேவல."

"தெரியும் சார்."

"செருப்ப அவுக்கச் சொல்லு. இழுத்தா கருப்பையே வெளிய வந்துடும். உள்ள இருக்கறத யாரும் நோண்ட வேணாம், ஊசி போட்டா தானா கழியும். தொங்கறத மட்டும் வெட்டி எடுக்கணும். கையுறை இல்லாம யாரும் தொடக் கூடாது. கன்னு, நஞ்சு எல்லாத்தையும் ஆழமா சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும். நாயி தூக்கிச்சின்னா ஊரு மாடெல்லாம் போச்சு. இங்க முடிச்சிட்டு ரெண்டு மணிக்கு நான் வர்றேன்."

கன்று வீச்சு நோய். பயிற்சிக் காலத்தில் வேணி நோட்டுப் புத்தகத்தில் நோய்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். வயிறு உப்புசம், பால் காய்ச்சல், தோல் கழலை, அடைப்பான். ஒவ்வொன்றுக்கும் கீழே அறிகுறி, ஆங்கிலப் பெயர், முதலுதவி. அதில் சிவப்பு மையில் எழுதியது ஒரே ஒரு வரிதான். கன்று வீசிய மாட்டின் கழிவைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. மனிதருக்கும் ஒட்டும். கருவையும் கலைக்கலாம். போன வருடம் கலைவதற்கு முந்தின மாதம் அவள் மூன்று மாடுகளுக்கு நஞ்சு எடுத்திருந்தாள். ஒன்றில் கையுறை கிழிந்துவிட்டது. அதனால்தானா என்று அவள் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"டாக்டரு வர ரெண்டு மணி ஆவுமாம். அதுக்குள்ள உங்க புள்ளைய வரச் சொல்றேன்" என்றாள் மாமியாரிடம்.

"அவன் இன்னா பண்ணுவான்? ஊசி மொனை ஸ்குரூவ திருப்புறவன். சோத்துல ஈ வுழுந்தா தட்ட தூக்கிக் கடாசுறவன்." லட்சுமியம்மாள் குரல் உயர்ந்தது. "எனக்குத் தெரியும்டி. தட்டு தனியா வெச்சேன்ல, அதுக்குப் பழி வாங்குற. எம் மாடு சாவட்டும்னு நிக்கிற. ஊரான் வூட்டு மாட்டுக்கு ராத்திரி மழையில ஓடுனவ, சொந்த வூட்டு மாட்டுக்குக் கைய கட்டிக்கினு நிக்கிறா பாரு. த்தூ!"

துப்பிய எச்சில் வேணியின் காலருகே விழுந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். ஸ்கேன் தாளை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டலாம் என்று தோன்றியது. இந்த நாற்றத்துக்கு நடுவில் அந்தச் சேதியை வெளியே எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

லட்சுமியம்மாள் களத்துப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஏ சவுரி! சவுரியம்மா! இங்க வா."

களத்தில் வேர்க்கடலைச் செடியைக் குவித்துக் காய் ஆய்ந்துகொண்டிருந்த சவுரியம்மாள் தலைத்துண்டை உதறிக்கொண்டு வந்தாள். காலனியிலிருந்து வருகிறவள். நாற்பது வயதிருக்கும். கொட்டகைப் பக்கம் பார்த்ததுமே துண்டால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"சவுரி, அந்தத் தொங்கறத அறுத்து எறிஞ்சிட்டு, கன்ன தோண்டி எங்கனா பொதச்சிடு. இன்னா கேக்குறியோ தர்றேன்."

"நான் மல்லாட்டை புடுங்க வந்தேம்மா. நஞ்சு புடுங்க வர்ல."

"அட, உங்க மாமனாரு செய்யாத வேலையா?"

"அவரு செஞ்சாரு. செஞ்சிட்டு வந்து எங்க மாமியா கையால சோறு வாங்கறதுக்குள்ள ஏழு தடவ குளிப்பாரு. அவரோட அது போச்சு. எம் பொண்ணு திண்டிவனத்துல நர்ஸுக்குப் படிக்குது. நான் நர்ஸோட அம்மா." சவுரியம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஓரடிகூட முன்னால் வைக்கவில்லை. "உங்க மாடு, உங்க கன்னு. நீங்க அள்ளுனா ஆவாதா? உங்க கையி தங்கமா?"

"பேச்சப் பாரு இவளுக்கு!"

"அக்கா சொல்றதுதான் சரி" என்றாள் வேணி. "அக்கா, நீங்க காத்துக்கு எதிர்பக்கமா போயி உக்காருங்க. இந்தப் பக்கம் வராதீங்க."

"வேணி, உம் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்குது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சவுரியம்மாள் போய்விட்டாள்.

பூவரசன் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். திண்டிவனத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். மெல்லிய விரல்கள். வாடிக்கையாளர் போனைக் கையில் வாங்கும் முன்பும் பின்பும் சானிட்டைசர் தேய்த்துக்கொள்வான். நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு இருந்த மூன்று மாதமும் வேணி தினமும் போனில் அவனிடம் பேசியதெல்லாம் மாடுகளின் நோயைப் பற்றித்தான். இன்றைக்கு ஒரு மடிநோய், நேற்று ஒரு பால் காய்ச்சல் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் ம் கொட்டுவான். "ரெடைன்டு பிளசென்டான்னா இன்னா?" என்று அவளே மறுநாள் கேட்டுச் சோதிப்பாள். "நஞ்சுக்கொடி தங்குறது மேடம்" என்பான். எல்லாப் பெயரும் தெரியும். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

வண்டியை நிறுத்திவிட்டுக் கொல்லைக்கு வந்தவன் ஒரு தடவை மூச்சை இழுத்தான். உடனே திரும்பிப் போய்க் கழற்றிய ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தான்.

"ஏங்க, ஹெல்மெட்டோடயா?"

"நாத்தம் வராது" என்றது உள்ளிருந்து குரல்.

"மழைக்கோட்டையும் போடுங்க. அது நல்லது. என் பையில நீளக் கையுறை இருக்குது, ரெண்டு ரெண்டா மாட்டுங்க. மூக்குக்கும் வாய்க்கும் துணி கட்டுங்க."

பங்குனி வெயிலில் மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் தோள்வரை கையுறையுமாக அவன் மாட்டுக்குப் பின்னால் போய் நின்றபோது செவலை மிரண்டு திரும்பிப் பார்த்தது. களத்தில் சவுரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேப்பமரத்தடியிலிருந்து வேணி சொல்லச் சொல்ல அவன் செய்தான்.

"முதல்ல செருப்ப அவுங்க. இழுக்காதீங்க. கயித்த மட்டும் அறுங்க."

"இது எஞ் செருப்பாச்சே!"

"ஆமா. அவுங்க."

"அம்மா, எஞ் செருப்புதான் கெடச்சுதா உனக்கு?"

"அறுந்த செருப்புதான்டா, பேசாம செய்யி" என்றாள் லட்சுமியம்மாள்.

கயிறு அறுந்தது. செருப்பு சொத்தென்று ஈர வைக்கோலில் விழுந்து தெறித்தது. தெறித்ததில் நாலு துளி ஹெல்மெட் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழிந்தன. பூவரசன் அசையாமல் அந்தத் துளிகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேணி."

"சொல்லுங்க."

"கண்ணாடியில இருக்குது."

"பாக்காதீங்க. கத்தியால முட்டிக்கு மேல ஒரு சாண் வுட்டு வெட்டுங்க. சாக்குல புடிங்க."

அவன் வெட்டினான். பை இரண்டாகப் பிரிந்து சாக்கில் இறங்கியது. உள்ளே தேங்கியிருந்த நீர் அவன் மழைக்கோட்டின் மேல் கொட்டியது. ஹெல்மெட்டுக்குள் ஓர் ஓங்கரிப்பு கேட்டது. இன்னொன்று. லட்சுமியம்மாள், "டேய், அத கழட்டுடா" என்று கத்துவதற்குள் அவன் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டான். கண்ணாடியின் உள்பக்கம் காலையில் தின்ற இட்லி தெரிந்தது. கையுறைக் கையால் கழற்றவும் முடியாமல், கழற்றாமலும் முடியாமல் கொட்டகை வாசலில் கண் தெரியாதவன் போல அவன் சுற்றிச் சுற்றி வந்தான். லட்சுமியம்மாள்தான் ஓடிப்போய்ப் பிடித்துக் கழற்றினாள்.

அதே நேரத்தில்தான் ஏரிக்கரைப் பக்கமிருந்து தெருநாய் வந்தது. அதன் வாயில் வைக்கோல் பொட்டலம் ஒன்று தொங்கியது. ஆலமரத்தில் தாழ்வாகக் கட்டிய பொட்டலம். கயிறு தரையில் இழுபட்டது. பொதி பிரிந்து, பச்சை பாரித்த சதை வெளியே நீண்டு, நாய் ஓட ஓட மண்ணும் சருகும் அதில் ஒட்டிக்கொண்டே வந்தன. இன்னொரு நாய் அதன் மறுமுனையைக் கவ்வியது. இரண்டும் உறுமிக்கொண்டு, வேப்பமரத்துக்கு நாலடி முன்னால், வேணியின் கண்ணெதிரே, அதை ரப்பர் போல இழுத்தன.

வேணி மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வாந்தி அடிவயிற்றிலிருந்து வந்தது. நிற்கவில்லை. ஒன்றும் இல்லாமல் வெறும் பித்தமாக வந்த பிறகும் குமட்டிக்கொண்டே இருந்தது.

சவுரியம்மாள் கல்லெறிந்து நாய்களைத் துரத்தினாள். பொட்டலம் அங்கேயே விழுந்து கிடந்தது.

லட்சுமியம்மாள் மகனின் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். புழுப்புண்ணில் புழுவை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணிக்கையைச் சொல்லிச் சிரித்தவள் இவள். கோமாரி வந்து குளம்பு கழன்ற மாட்டைக் கழுவிவிட்டு அப்படியே உட்கார்ந்து வடை தின்றவள்.

"மூணு வருசமா வராத வாந்தி இன்னைக்கு எங்கேந்துடி வந்துச்சு?" என்றாள் மெதுவாக.

வேணி வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எத்தினி நாளு?"

"ஒம்போது வாரம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டாக்டருக்கு?"

"தெரியும் அத்தை. இந்த மாதிரி மாட்டத் தொடக் கூடாது நான். தொட்டா இதுவும் போயிடலாம். அதான் நிக்கிறேன்."

லட்சுமியம்மாள் கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அவள் முகத்தில் எதுவும் நிலைக்கவில்லை. கோபமும் வெட்கமும் மாறி மாறி வந்தன.

"எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது." பிறகு குரல் இறங்கியது. "நானும் ஒண்ண மறச்சிட்டுத்தான் இருந்தேன். நேத்தே உனக்குப் போன் பண்ணியிருக்கணும். பண்ணல. வூட்டு மாடு கன்னு வீசுனா அந்த வூட்டு மருமவளுக்கு ஆவாதுன்னு சொல்லுவாங்க. போன வருசம்தான் உனக்கு அப்படி ஆச்சு. சேதி உன் காதுல வுழுவறதுக்குள்ள எல்லாத்தையும் பொதச்சிடலாம்னு பாத்தேன்."

"அதுக்கா வெறுங்கையால அள்ளுனீங்க?"

"எனக்கு இன்னா தெரியும் நோயின்னு?" சொல்லும்போதே அவளுக்குச் சட்டென்று ஏதோ நினைவு வந்தது. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "அய்யய்யோ. அந்தக் காப்பி... நீ குடிக்கலியே? ஒரு மொடக்கு கூட?"

"குடிக்கல. அதான் ஊத்துனேன்."

"நல்லவேளடி. நல்லவேளடி அம்மா." அவள் அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகள் வேறு யாருடையவோ போல அவற்றைப் பார்த்தாள்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு பூவரசன் வந்தான். "அம்மா, மீதிய நான் செய்யறேன். இப்ப பரவால்ல. வவுத்துல இனிமே ஒண்ணும் இல்ல."

"நீ குழிய தோண்டு. ஆளு ஒசரத்துக்குத் தோண்டு. அந்தக் கையொறய இங்க குடு" என்றாள் லட்சுமியம்மாள். "ஏ வேணி, எப்படிச் செய்யணும்னு சொல்லு. அங்கயே நில்லு. ஒரு அடி கிட்ட வராத. வந்தின்னா காலை ஒடிச்சிடுவேன்."

அதன்பிறகு இரண்டு மணி நேரம் அந்தக் கொல்லையில் நடந்ததை எந்த வாசனையாலும் மூடிச் சொல்ல முடியாது. எருக்குழியைக் கிளறிக் கன்றை எடுத்தார்கள். எருவின் சூட்டில் ஒரே நாளில் அது வயிறு வீங்கி, தோல் வழன்று, பிடித்த காலோடு உரிந்து வந்தது. நாய்கள் போட்ட பொட்டலத்தை மண்ணோடு வழித்தெடுத்தார்கள். பூவரசன் ஏரிக்கரைக்குப் போய், ஆலமரத்துக் கிளையில் சொட்டியிருந்த இடத்திலும் கீழே தரையிலும் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிவிட்டு வந்தான். ஊர் மாடுகள் அந்த நிழலில்தான் படுக்கும். வைக்கோல், கயிறு, சாக்கு, செருப்பு எல்லாம் குழிக்குள் போயின. மேலே சுண்ணாம்பு. "எஞ் செருப்புக்கு இவ்ளோ பெரிய காரியமா!" என்றான் பூவரசன். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து வேணி மட்டும் சிரித்தாள்.

டாக்டர் சொன்னபடி இரண்டு மணிக்கு வந்தார். செவலைக்குக் காய்ச்சல் நூற்று நாலு. ஊசி போட்டார். கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்துக் குப்பியில் அடைத்தார். "பத்து நாள்ல ரிசல்ட் வரும். அதுவரைக்கும் பால் யாரும் தொடாதீங்க. மத்த மாட்டோட வுடாதீங்க" என்றார். பிறகு லட்சுமியம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க வெறுங்கையில அள்ளியிருக்கீங்க. நாளைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயி சொல்லுங்க. ரத்தம் பாப்பாங்க. சாயங்காலம் சாயங்காலம் ஜுரம் வந்து வேர்த்து வேர்த்து வுட்டா, மூட்டு வலிச்சா, சும்மா இருக்காதீங்க. இன்னைக்கு வூட்டுல நீங்க சமைக்க வேணாம். யாரு சமைப்பாங்க?"

பூவரசன் மருந்து கரைத்த தண்ணீரில் இரண்டு தடவை குளித்தும் வாசலிலேயே நின்றிருந்தான். லட்சுமியம்மாள் கொல்லைக் குழாயடியில் குந்தியிருந்தாள். அந்த வீட்டில் அன்றைக்குச் சுத்தமான கை ஒன்றுதான் இருந்தது.

வேணி கையைக் கழுவிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனாள். எந்தப் பானை எங்கே இருக்கிறது என்று அவள் தேட வேண்டியிருந்தது. காலையில் மாமியார் சமைத்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்து வெளியே கொடுத்து, குழியில் கொட்டச் சொன்னாள். பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டாள். உலை வைத்தாள். மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். அப்பளம் சுட்டாள். நடுவில் இரண்டு தடவை ஜன்னலோரம் போய்க் குமட்டிவிட்டு வந்தாள். அடுப்பில் மிளகு வாசனை எழுந்தபோதும் அதற்கு அடியில் அந்த மற்ற வாடை இருந்துகொண்டே இருந்தது.

நாலு மணிக்கு மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். லட்சுமியம்மாள் ஐந்து தடவை கை கழுவியிருந்தாள். சீயக்காய், எலுமிச்சைத் தோல், மருந்து சோப்பு. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இன்னும் நாறுதுடி."

"நாலு நாளு நாறும் அத்தை. அப்புறம் போயிடும்."

"உனக்குத் தெனமுமா இப்படி?"

"தெனமும் இல்ல. வாரத்துல ரெண்டு மூணு நாளு."

"அந்த நாத்தத்தோட எப்படிடி சோறு திங்கற?"

"பசிக்கும்ல அத்தை."

பூவரசன் அடுக்கிலிருந்து அம்மாவின் தட்டை எடுத்து வைத்தான். வேணி சோற்றைப் போடக் கரண்டியை எடுத்தாள்.

"இரு" என்றாள் லட்சுமியம்மாள். "அதுல போடாத. இன்னைக்கு என் கையி பட்ட தட்டு அடுக்குல ஏறக் கூடாது. கொழாயண்ட ஒண்ணு கவுந்து கெடக்குதுல்ல, அத எடுத்தா. அதுலயே போடு. இந்த நல்ல தட்டுல நீ சாப்புடு."

பூவரசன் மனைவியைப் பார்த்தான். வேணாம் அத்தை என்று அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தான். எந்த மருமகளும் அப்படித்தான் சொல்வாள். வேணிக்கும் அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது. காலருகே விழுந்த எச்சில் நினைவு வந்தது. மூன்று வருடம் தட்டைக் குழாயடியில் கவிழ்த்த தன் கை நினைவு வந்தது. அவள் எழுந்து போய்த் தட்டைக் கொண்டுவந்து, கழுவி, மாமியார் முன்னால் வைத்தாள். சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள்.

ரசம் நெளிந்த பக்கமாக ஓடி, விளிம்பைத் தாண்டி லட்சுமியம்மாளின் புடவையில் கொட்டியது. அவள் தட்டைத் திருப்பி வைத்தாள். அந்தப் பக்கமும் ஓடியது. கையால் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல ரசம் நிக்கவே மாட்டேங்குதே?"

"நிக்காது அத்தை" என்றாள் வேணி. "சோத்த ஓரத்துல வரப்பு மாதிரி கட்டிக்கினு, உள்ள ஊத்திச் சாப்புடணும்."

லட்சுமியம்மாள் வெளுத்த விரல்களால் சோற்றை ஒதுக்கி வரப்புக் கட்டத் தொடங்கினாள்.